அடைமொழியின்றி வரும் ஆங்கிலச் சொல் எதைக் குறிக்கும்?

கேள்வி (வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர்)

வணக்கம். உயர்தர மாணவர்களுக்கான ஐரோப்பிய வரலாற்றுக் குறிப்பொன்றைத் தமிழாக்கி வருகிறேன். பிரித்தானியாவில் 1815 இல் நிறைவேற்றப்பட்டு 1846 இல் நீக்கப்பட்ட 'கோர்ன் லோஸ்' என்பதை முன்பிருந்த வரைவு 'சோளச் சட்டங்கள்' என்கிறது. குறிப்பின் ஏனைய பகுதிகளோ கோதுமை விலையையும் பாண் விலையையுமே பேசுகின்றன. அடைமொழியின்றித் தனித்து வரும் இத்தகைய சொற்களின் பொருளை எவ்வாறு தீர்மானிப்பது?

மறுமொழி (கொட்டாஞ்சேனை, வரலாற்று ஆசிரியர்)

'தானியச் சட்டங்கள்' என்றே எழுதுங்கள். பிரித்தானியாவில் 'கோர்ன்' தானியங்களுக்குப் பொதுப்பெயர். அடைமொழியின்றி வரும்போது அந்தந்த வட்டாரத்தின் முதன்மைத் தானியத்தைச் சுட்டும். அதனால் அது இங்கிலாந்தில் கோதுமை, ஸ்கொட்லாந்தில் ஓட்ஸ். அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் அங்கு கண்ட சோளத்தை 'இந்தியன் கோர்ன்' என்று அடைமொழி சேர்த்தே வேறுபடுத்தினார்கள். அதுவே அந்நாட்டின் பெரும்பயிராக நிலைத்தபின் அடைமொழி உதிர்ந்தது. 1611 ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் சீடர்கள் கொய்து தின்பதும் 'கோர்ன்' கதிர்களைத்தான். தமிழ் வேதாகமம் 'கதிர்கள்' என்று மட்டும் சொல்வதால் நமக்கு அங்கே குழப்பம் எழுவதில்லை.

மறுமொழி (தெகிவளை)

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அடைமொழி பெரும்பாலும் போட்டிக்கு இன்னொன்று வந்த பிறகே தேவைப்படுகிறது. 1930களில் மின் கிற்றார் பரவும் வரை வெறும் 'கிற்றார்' என்றாலே போதுமாயிருந்தது. பின்னரே பழைய கருவிக்கும் 'அக்கூஸ்டிக்' என்ற அடைமொழி வேண்டியிருந்தது. கனடியர் ஒருவர் 'ஹொக்கி' என்று மட்டும் எழுதினால் அது பனித்தள விளையாட்டு. நம் பாடசாலை மைதானத்து ஹொக்கிக்கு அவர்தான் அடைமொழி சேர்ப்பார். ஆகவே எழுதியவர் எந்நாட்டவர், எக்காலத்தவர் என்பதை முதலில் பாருங்கள்.

தமிழிலும் இதே நிலைதான். கொழும்பு பஸ்ஸில் 'கோட்டை' என்றால் புகையிரத நிலையம் இருக்கும் பகுதி. வரலாற்றுப் பாடத்தில் அதே சொல் ஆறாம் பராக்கிரமபாகு ஆண்ட இராசதானி. கொழும்பு மாணவருக்கு எழுதும்போது 'கோட்டை இராசதானி' என்று விரித்தெழுதுவதே நல்லது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தலைப்பில் 'தானியச் சட்டங்கள்' என்று எழுதி, கோதுமையே அவற்றின் மையமாக இருந்தது என்பதை முதற்பந்தியிலேயே ஒரு வாக்கியமாகச் சேர்க்கிறேன்.