(2ய + 2)(ய + 3) என்ற விடைக்குப் புள்ளி குறைத்தது சரியா?

மல்லாவி ஆசிரியர்:

சென்ற வாரம் கரடிப்போக்கு ரியூசன் ஆசிரியர் இங்கே எழுதிய ஒரு கருத்து என்னை மூன்று நாள்களாக உறங்கவிடவில்லை. “காரணிப்படுத்தல் என்பது இரண்டு எண்களைத் தேடிப் பிடிக்கும் வேலை. அவற்றைக் கூட்டினால் நடுக் குணகம் வரவேண்டும், பெருக்கினால் முதற்குணகத்தினதும் கடைசி எண்ணினதும் பெருக்கம் வரவேண்டும். அதற்கு மேல் தரம் 10 பிள்ளைக்கு எதுவும் தேவையில்லை, படம் கீறுவது நேர விரயம்” என்பது அவருடைய கூற்று.

அந்த விதியை மட்டும் ரியூசனில் படித்துவந்த இரண்டு பிள்ளைகள் என் வகுப்பில் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். 2ய² + 8ய + 6 என்ற கோவையைக் கொடுத்தேன். (தெரியாக் கணியத்துக்கு இங்கே ‘ய’ என்றே எழுதுகிறேன்.) பெருக்கம் 12, கூட்டுத்தொகை 8, ஆகவே எண்கள் 6, 2 என்று இருவரும் சரியாகவே பிடித்தார்கள். ஒருத்தி 2ய² + 2ய + 6ய + 6 என்று பிரித்து (2ய + 6)(ய + 1) என முடித்தாள். மற்றவள் 2ய² + 6ய + 2ய + 6 என்று பிரித்து (2ய + 2)(ய + 3) என முடித்தாள். ஒருவர் கொப்பியை ஒருவர் பார்த்தார்கள். இரண்டாமவள் தன் விடைதான் பிழை என்று நினைத்து, தாள் கிழியும்வரை அழிறப்பரால் தேய்த்தாள். இரண்டையும் பெருக்கிப் பார்க்கலாம் என்ற எண்ணம் இருவருக்கும் வரவில்லை. எண் தேடப் பழக்கினீர்கள், ஆனால் காரணி என்பது பெருக்கலின் மறுபக்கம் என்று நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

கரடிப்போக்கு ரியூசன்:

ஆசிரியர் அவர்களே, நீங்களே எழுதிய கதையில் இரண்டு விடைகளும் சரி. என் முறை இரண்டு பிள்ளைகளையும் சரியான விடைக்குக் கொண்டுபோயிருக்கிறது. பிறகு எதற்கு இந்தக் கோபம்? என்னிடம் சனிக்கிழமையில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களில் பாதிப் பேருக்கு ஏழாம் வாய்ப்பாடு வராது. அவர்களுக்கு நான் செவ்வகம் கீறி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தால் சாதாரண தரப் பரீட்சையில் அந்த இரண்டு புள்ளி வினாவை யார் செய்வது?

பரந்தன் அம்மா:

நீங்கள் இருவரும் பேசும் அதே கணக்குத்தான் என் மகளின் இரண்டாம் தவணைப் பரீட்சையிலும் வந்தது. (2ய + 2)(ய + 3) என்று எழுதினாள், இரண்டில் ஒரு புள்ளிதான் கிடைத்தது. கேட்டதற்கு “முடிக்கவில்லை” என்று மட்டும் சொல்லப்பட்டதாம். பெருக்கினால் கேட்ட கோவை அப்படியே வருகிறது என்று வீட்டில் எனக்குச் செய்து காட்டினாள். வந்தால் அது காரணிதானே? எனக்கு விளங்கும்படி யாராவது சொல்லுங்கள்.

மல்லாவி ஆசிரியர்:

அம்மா, புள்ளி குறைத்தது சரி. 2ய + 2 என்ற அடைப்புக்குள் இன்னும் ஒரு 2 பொதுவாக இருக்கிறது. அதை வெளியே எடுத்தால் 2(ய + 1)(ய + 3). மற்றப் பிள்ளையின் (2ய + 6)(ய + 1) என்பதிலும் 2ஐ வெளியே எடுத்தால் அதே 2(ய + 1)(ய + 3) தான் வரும். 12ஐ ஒருவர் 2 × 6 என்றும் மற்றவர் 4 × 3 என்றும் எழுதினால் இரண்டும் உண்மைதான், ஆனால் முதன்மை எண்கள்வரை போனால் இருவரும் 2 × 2 × 3 என்ற ஒரே இடத்தில் சந்திப்பார்கள். பிள்ளைக்கு முதலில் காட்டவேண்டியது அந்தச் சந்திப்பைத்தான். கோவையைக் கண்டவுடன் ‘பொதுக் காரணி இருக்கிறதா’ என்று பார்க்கப் பழகிய பிள்ளை, 2(ய² + 4ய + 3) என்று எழுதிவிட்டு 3, 1 என்ற சின்ன எண்களோடு இரண்டு வரியில் முடித்திருக்கும். 6, 2 என்று தேடி அலைந்திருக்காது.

படம் கீறுவது விளையாட்டு என்கிறார் ரியூசன் ஆசிரியர். 2008 ஆம் ஆண்டின் இறுதியில் நாங்கள் இடம்பெயர்ந்து தருமபுரத்தில் இருந்தபோது எனக்குக் கரும்பலகையும் இல்லை, வெண்கட்டியும் இல்லை. மரத்தடி மணலில் தடியால் ஒரு செவ்வகம் கீறி, குறுக்கே ஒரு வரம்பும் நெடுக்கே ஒரு வரம்பும் போட்டு நான்கு வயல் துண்டாக்கினேன். ஒரு துண்டு ய², ஒன்று 2ய, ஒன்று 3ய, ஒன்று 6. “மொத்தப் பரப்பளவு ய² + 5ய + 6, அப்படியென்றால் நீளம் என்ன, அகலம் என்ன?” என்று கேட்டேன். வயல் வேலை தெரிந்த ஒரு பையன் இரண்டு ஓரங்களிலும் நடந்து “இந்தப் பக்கம் ய + 3, அந்தப் பக்கம் ய + 2” என்றான். விதி எதுவும் நான் சொல்லவில்லை. (ய + 3)² என்றால் ய² + 9 என்று எழுதும் நோயும் அந்த மணலில்தான் மாறியது. நடுவில் இருக்கும் இரண்டு 3ய துண்டுகளைக் கண்ணால் கண்ட பிள்ளை அவற்றை மறக்காது.

கரடிப்போக்கு ரியூசன்:

உருக்கமான கதை, மதிக்கிறேன். நானும் அந்தக் காலத்தில் அங்கேதான் இருந்தேன், அந்த இடப்பெயர்வை நீங்கள் ஒருவர் மட்டும் அனுபவிக்கவில்லை. ஆனால் கேள்விக்கு வாருங்கள். வினாவில் ‘காரணிப்படுத்துக’ என்றுதான் இருந்திருக்கும், ‘முற்றாக’ என்ற சொல் இருந்திருக்காது. கேட்காத ஒன்றைச் செய்யவில்லை என்று ஒரு பிள்ளையின் புள்ளியை வெட்டுவது அநியாயம். அம்மா, வினாத்தாளை எடுத்துப் பாருங்கள்.

பரந்தன் அம்மா:

பார்த்தேன். ‘காரணிப்படுத்துக’ என்று மட்டும்தான் இருக்கிறது.

கரடிப்போக்கு ரியூசன்:

விவாதம் இத்துடன் முடிந்தது. வினாவில் ‘முற்றாக’ என்ற சொல் இல்லை.

வவுனிக்குளத்தான்:

மல்லாவி ஆசிரியர் எந்தத் தலைப்பிலும் தன் கருத்தே இறுதித் தீர்ப்பு என்பதுபோல் எழுதுவது இங்கே வழமை. சென்ற மாதம் பின்னங்களைப் பற்றிப் பேசியபோதும் நான் எழுதியதற்கு அவர் மறுமொழி தரவில்லை. அது இருக்கட்டும். ‘கோவை’, ‘கோவை’ என்று எழுதுகிறீர்களே, நம் பாடநூல்களில் பல்லுறுப்பி என்ற சொல் இருக்கிறது, தமிழ்நாட்டு நூல்களில் பல்லுறுப்புக்கோவை என்கிறார்கள். சொல்லே நிலையாக இல்லாத இடத்தில் பிள்ளை எதைக் காரணிப்படுத்தும்?

மல்லாவி ஆசிரியர்:

பிள்ளை சொல்லில் தடக்கி விழவில்லை ஐயா, 2இல் தடக்கி விழுந்தது. 36ஐ முதன்மைக் காரணிகளின் பெருக்கமாக எழுதச் சொன்னால் 4 × 9 என்று நிறுத்தும் பிள்ளைக்கு யாராவது முழுப் புள்ளி கொடுப்பார்களா?

கரடிப்போக்கு ரியூசன்:

பாருங்கள், உங்கள் உதாரணத்திலேயே ‘முதன்மைக் காரணிகளின்’ என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இந்த வினாவில் அப்படி ஒரு சொல் இல்லை. ‘முற்றாக’ என்ற சொல்லும் இல்லை.

அறிவியல்நகர் மாணவன்:

வணக்கம் சேர்மார். நான் பொறியியல் பீடத்தில் படிக்கிறேன், ஊர் ஒட்டுசுட்டான். எந்த எண்களின் மேல் காரணிப்படுத்துகிறோம் என்று ஒருவரும் சொல்லாததுதான் இந்தச் சண்டைக்குக் காரணம் என்று நினைக்கிறேன். குணகங்கள் நிறைவெண்களாக, அதாவது பின்னமில்லாத எண்களாக, இருக்கவேண்டும் என்று வைத்தால் 2 தனிக் காரணி, அதைப் பிரித்து எழுதவேண்டும். விகிதமுறு எண்களை, அதாவது பின்னங்களையும், அனுமதித்தால் 2 வெறும் மாறிலி, (2ய + 2)(ய + 3) என்பதற்கும் 2(ய + 1)(ய + 3) என்பதற்கும் காரணி என்ற அளவில் வேறுபாடு இல்லை. ய² − 2 என்ற கோவையும் அப்படித்தான், √2ஐ அனுமதித்தால் காரணி உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ய² + பய + ம என்ற கோவையில் ப, ம இரண்டுக்கும் 1 முதல் 10 வரை எண்களை இட்டால் 100 கோவைகள் வரும். அவற்றில் நிறைவெண் காரணிகள் உடையவை எத்தனை என்று நேற்றிரவு எண்ணினேன். 14 மட்டுமே. கடைசி எண் மறையாக, −1 முதல் −10 வரை இருந்தால் 100இல் 12. பாடநூலில் வரும் கணக்குகள் எல்லாம் இந்தச் சிறு கூட்டத்திலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவை. அதைச் சொல்லாமல் விட்டால், ய² + 5ய + 3 என்ற கோவைக்கு எண் தேடி ஒரு பிள்ளை அரை மணித்தியாலம் வியர்க்கும்.

கரடிப்போக்கு ரியூசன்:

தம்பி, 14 என்று எப்படி எண்ணினீர்கள்? 1உம் 9உம் சேர்ந்தால் 10, 2உம் 8உம் சேர்ந்தால் 10, 3உம் 7உம், 4உம் 6உம், 5உம் 5உம். பத்துக்கே ஐந்து வருகிறதே.

அறிவியல்நகர் மாணவன்:

2 × 8 = 16 சேர், கடைசி எண் 10ஐத் தாண்டிவிடுகிறது. 1ஓடு 1 முதல் 9 வரை ஒன்பது, 2ஓடு 2 முதல் 5 வரை நான்கு, 3ஓடு 3 ஒன்று. மொத்தம் 14.

வவுனிக்குளத்தான்:

பரீட்சையில் 10க்கு மேலும் எண்கள் வரும். உங்கள் 14 எனக்கு ஒன்றையும் நிறுவவில்லை.

மல்லாவி ஆசிரியர்:

மாணவன் சொன்ன 14ஐ நான் நாளைக்கே வகுப்பில் எண்ண வைப்பேன், அருமையான பயிற்சி. ஆனால் விகிதமுறு எண், நிறைவெண் என்ற பேச்சு தரம் 10க்கு வேண்டாம். அடைப்புக்குள் பொதுவாக ஒன்று இருந்தால் வேலை முடியவில்லை, அவ்வளவுதான்.

கரடிப்போக்கு ரியூசன்:

உங்கள் வயலுக்கே வருகிறேன். ய² − ய − 6 என்ற கோவைக்கு உங்கள் மணலில் எப்படிச் செவ்வகம் கீறுவீர்கள்? மறை ஆறு சதுர மீற்றர் வயல் முத்தையன்கட்டில் இருக்கிறதா, வவுனிக்குளத்தில் இருக்கிறதா? என் பிள்ளை −3, +2 என்று பத்துச் செக்கனில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடும்.

மல்லாவி ஆசிரியர்:

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ய² − 9 இல் தொடங்குவேன். பக்கம் ய உள்ள சதுரத் தாளின் ஒரு மூலையில் 3 × 3 சதுரத்தை வெட்டி எடுக்கச் சொல்வேன். மிச்சம் கிடக்கும் தாள் மடங்கின மூலைபோல இருக்கும். அதில் ஒரு துண்டை வெட்டித் திருப்பி மற்றத் துண்டின் ஓரத்தில் வைத்தால் ஒரு பக்கம் ய + 3, மறுபக்கம் ய − 3 உள்ள செவ்வகம் வரும். வர்க்கங்களின் வித்தியாசம் என்று பெயர் சொல்லும் முன்பே பிள்ளையின் கை அதைச் செய்து முடித்திருக்கும். அதன் பிறகு ய² − ய − 6க்கு நான்கு பெட்டி போடுவோம். ய², −3ய, 2ய, −6. −3ய என்பது வயலில் இருந்து கழித்த துண்டு என்று பிள்ளைக்கு அப்போது தெரியும், குறி மாறாது. உங்கள் பத்துச் செக்கன் பிள்ளை +3, −2 என்று எழுதினாலும் அதே பத்துச் செக்கனில்தான் எழுதும், பிழை என்று அதற்குத் தெரியாது.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி ய² + 10ய = 39 என்ற சமன்பாட்டைச் சதுரம் கீறித்தான் விளக்கினார். ய பக்கச் சதுரத்தின் இரண்டு ஓரங்களில் 5 அகலத் துண்டுகளை ஒட்டி, மூலையில் குறையும் 25ஐச் சேர்த்தால் 64, பக்கம் 8, ஆகவே ய = 3. அட்சரகணிதமே படத்தில் வளர்ந்த பாடம், அதை நேர விரயம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கரடிப்போக்கு ரியூசன்:

அது வர்க்கப் பூர்த்தி, குறையும் மூலையைச் சேர்த்துச் சதுரமாக்கும் முறை, காரணிப்படுத்தல் அல்ல. (ய + 13)(ய − 3) என்று என் பிள்ளை ஒரு வரியில் எழுதும், −13 என்ற மற்ற மூலத்தையும், அதாவது சமன்பாட்டுக்குப் பொருந்தும் ய இன் மற்றப் பெறுமானத்தையும், சேர்த்தே சொல்லும். உங்கள் சதுரத்தில் −13 வராது. மேலும் நீங்கள் இப்போது போட்டது பெட்டி, வயல் அல்ல. வயலை நீங்களே கைவிட்டுவிட்டீர்கள்.

மல்லாவி ஆசிரியர்:

நான் எதையும் கைவிடவில்லை. பெட்டி வயலில் இருந்து வந்தது.

அறிவியல்நகர் மாணவன்:

எண் தேடாமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு சேர். கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் போ-ஷென் லோ 2019இல் அதைப் பலருக்கும் தெரியப்படுத்தினார். கூட்டுத்தொகை 8, பெருக்கம் 12 என்றால் பாதி 4, எண்கள் 4 − உ, 4 + உ. பெருக்கினால் 16 − உ² = 12, உ = 2. எண்கள் 2உம் 6உம். இது மல்லாவி சேர் சொன்ன வர்க்க வித்தியாசமும்தான், ரியூசன் சேர் சொன்ன இரண்டு எண்களும்தான்.

வவுனிக்குளத்தான்:

தம்பி, இரண்டு பேருக்கும் நல்ல பிள்ளையாக இருக்கப் பார்க்கிறீர்கள்.

கரடிப்போக்கு ரியூசன்:

இன்னொரு எழுத்தைக் கொண்டுவந்து பிள்ளைகளைக் குழப்பவேண்டாம். என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. வினாவில் ‘முற்றாக’ என்ற சொல் எங்கே?

மல்லாவி ஆசிரியர்:

வயலை உழு என்றால் முழுவதையும் உழவேண்டும், பாதியில் மாட்டை அவிழ்த்துவிட்டு ‘முற்றாக உழு என்று சொல்லவில்லையே’ என்று வந்து நிற்கக்கூடாது. இந்த வன்னியில் அது ஒருவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பரந்தன் அம்மா:

சேர்மார், மகளுக்கு நாளைக்கு மீண்டும் சோதனை. 3ய² + 12ய + 9 என்று ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். (3ய + 3)(ய + 3) என்று எழுதிவைத்திருக்கிறாள். இதற்கு முழுப் புள்ளி வருமா, வராதா?

கரடிப்போக்கு ரியூசன்:

வரவேண்டும் அம்மா. வினாவை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள், ‘முற்றாக’ என்று இருந்தால் மட்டும் 3ஐ வெளியே எடுக்கட்டும்.

மல்லாவி ஆசிரியர்:

சொல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 3ஐ முதல் வரியிலேயே வெளியே எடுக்கச் சொல்லுங்கள் அம்மா. 3(ய² + 4ய + 3). அடைப்புக்குள் இருப்பது மேலே நாம் பார்த்த அதே கோவைதான், மகளுக்கே தெரியும். பிறகு நான்கு பெட்டி கீறிப் பெருக்கிப் பார்த்துவிட்டு உறங்கச் சொல்லுங்கள்.