பழைய ஜீப்பில் கை வைக்கலாமா, அப்படியே விடலாமா? பார்த்த வண்டியைச் சொல்லுங்க

ஹைபானட்_3பி:
கொல்லிமலை இறங்கின சிஜே-3பி, உயர்ந்த பானட் வச்ச பழைய ஜீப். எழுபது கொண்டை ஊசியில் பாதி தாண்டினதும் முன் சக்கரம் ரெண்டுலயும் புகை. தண்ணி ஊத்தினா தோசைக்கல்லில் தெளிச்ச மாதிரி சொய்ங்னு ஆவி. பெடல் தரையைத் தொட்டுடுச்சு. லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைச்சு இழுவையைக் கூட்டற கியர்), முதல் கியர் போட்டுத்தான் மிச்சத்தையும் இறக்கினாங்க.

முன்னால டிரம் பிரேக்கைக் கழட்டிட்டு டிஸ்க் பிரேக் போட்டிருந்தாங்க. டிஸ்க் புதுசு, அதைக் கவ்வற கேலிப்பர் புதுசு. பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டர் மட்டும் தரைக்கு அடியில் இருந்த அதே டிரம் காலத்துச் சிலிண்டர். அதுக்குள்ள இருக்கிற செக் வால்வு லைன்ல சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கும். டிரம்முக்கு அது வேணும், ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருக்கு. கேலிப்பர்ல ஸ்பிரிங் கிடையாது, அதனால பேடு டிஸ்க்கை விடாம உரசிக்கிட்டே இருக்கும். டாட் 3 பிரேக் ஆயில் புதுசுல 205 டிகிரி தாங்கும். ஈரம் ஏறிப்போனா 140லயே கொதிச்சிடும், பெடல் இறங்கிடும்.

வால்வைப் பிடுங்கிப் போட்டா சரியாயிடும்னு நினைக்காதீங்க. மாஸ்டர் கேலிப்பரை விடத் தாழ இருக்கு, ஆயில் திரும்பி இறங்கிடும், ஒவ்வொரு தடவையும் பெடலை ரெண்டு மிதி மிதிக்கணும். டிஸ்க் லைனுக்கு 2 பி.எஸ்.ஐ. வால்வு தனியாப் போடணும்.

பட்டை_ராசு:
அண்ணே, வால்வைக் குத்தம் சொல்றீங்க. டிஸ்க் எதுக்கு அந்த வண்டிக்கு? 9 இன்ச் டிரம்மை யாரும் ஒழுங்கா செட் பண்றதில்லை, அப்புறம் பிரேக் இல்லைன்னு புலம்பறது. மேலே ஷூவைத் தள்ளற கேமை மட்டும் திருப்பிட்டு விட்டுடறாங்க. கீழே ஷூவைத் தாங்கற ஆங்கர் பின்னும் எக்சென்ட்ரிக்தான் (மையம் விலகினது, திருப்பினா ஷூ நகரும்), அதையும் தொடணும். ஷூவோட அடி முனையில 5 தவ்சண்ட் (இன்ச்சை ஆயிரமாப் பிரிச்சா அஞ்சு பங்கு), மேல் முனையில 8 தவ்சண்ட் இடைவெளி, ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கணும். புது லைனிங்கை டிரம்மோட வளைவுக்குத் தேய்ச்சு உட்கார வைக்கணும். இல்லேன்னா நடுவுல மட்டும் பிடிக்கும், முதல் ஆயிரம் கிலோமீட்டர் வண்டி ஒரு பக்கமா இழுக்கும். அதோட பின் ஆக்ஸில் சீல் கசிஞ்சு லைனிங்ல கியர் ஆயில் ஏறியிருக்கான்னு பாருங்க. ஏறியிருந்தா பெட்ரோல்ல கழுவி மாட்டாதீங்க, சூடானதும் உள்ளே இருக்கிற எண்ணெய் மறுபடி வெளியே வரும். லைனிங்கையே மாத்துங்க.

பார்த்த வண்டின்னா ஒரு 340 மாடல் ஜீப். செட் பண்ணின டிரம்மோடயே மழையில ஏற்காடு இறங்குச்சு. வேற விசேஷம் இல்லை.

எஃப்_போல்ட்:
பிரேக்கைப் போட்டா கழட்டிடலாம். வெட்டினதை என்ன செய்வீங்க?

விற்பனைக்கு வந்த ஒரு போர்க்கால வண்டி. சொன்ன விலை வில்லிஸ் எம்பி விலை, அதாவது இரண்டாம் உலகப் போர் ஒரிஜினல் ஜீப் விலை. எம்பியா, அதே ஜீப்பை ஃபோர்டு செஞ்ச ஜிபிடபிள்யூவான்னு தெரிய முதல்ல பார்க்கிறது ரேடியேட்டருக்கு அடியில் சேஸிஸின் முன் குறுக்குச் சட்டம்: வில்லிஸுக்கு உருண்டைக் குழாய், ஃபோர்டுக்குக் கவிழ்த்துப்போட்ட சேனல். இதுல ரெண்டும் இல்லை! பவர் ஸ்டீயரிங் பாக்ஸுக்கு இடம் வேணும்னு கேஸ் கட்டரால் அறுத்துட்டுச் சதுரக் குழாய் பத்த வச்சிருக்காங்க. இடது சட்டத்தின் உள்பக்கம், பம்பருக்குப் பின்னால, எண் தகடு இருக்கவேண்டிய இடத்துல வெறும் ரிவெட் ஓட்டைகள். பெயின்ட் அதுக்குள்ளயும் இறங்கியிருந்தது. போல்ட் தலையில ஃபோர்டோட ‘எஃப்’ முத்திரை தேடினா எல்லாமே கடையில வாங்கின புது போல்ட்.

2021 விதிப்படி முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டின வண்டிக்குத்தான் விண்டேஜ் பதிவு. சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், எண்ணுல ‘விஏ’ வரும், தினசரி ஓட்டவும் கூடாது. இந்த வண்டிக்கு அந்தக் கதவு மூடியாச்சு. சாதாரண ஆர்.சி.யிலயும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு நிக்குது: கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் வண்டிக்கும் வித்தியாசம் வரக் கூடாது.

எஸ்டேட்_டீசல்:
எஃப்_போல்ட் சார் பேசறது காட்சிக்கு நிறுத்தற வண்டி. மலைத்தோட்டத்துல பெட்ரோல் விலை தாங்காமத்தான் டிராக்டர் வழி வந்த டி.ஐ. டீசல் இன்ஜினை ஏத்தினாங்க. ஏத்தினது தப்பில்லை, ஏத்திட்டு மத்ததை மறந்ததுதான் தப்பு.

அப்படி ஒரு ஹை பானட், வேகத்தடை தாண்டி 45ல போறப்ப ஸ்டீயரிங் கையை உதறிட்டு ஆட ஆரம்பிச்சது. நிறுத்தினாத்தான் நின்னது. டீசல் இன்ஜினால எடை கூடி முன் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) படுத்திருக்கு. தூக்கறதுக்கு ஒரு பட்டை சேர்த்து, பட்டை முனையைச் சேஸிஸோட கோக்கிற ஷேக்கிளையும் நீட்டிட்டாங்க. சிஜேயில முன் பட்டையோட ஷேக்கிள் முன்முனையில இருக்கு. அதை நீட்டினா ஆக்ஸிலோட முன்பக்கம் கீழே சாயும், 3 டிகிரி இருக்கவேண்டிய காஸ்டர் (சக்கரம் திரும்பற அச்சு பின்னால சாஞ்சிருக்கிற கோணம்) போயிடும். ஆப்பு வைக்கணும், பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல, தடித்த பக்கம் முன்னால. அதுக்கு முன்னாடி சக்கரத்தைத் தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆடினா வீல் பேரிங்கைச் சரி பண்ணுங்க. அப்புறமும் ஆடினா சக்கரம் திரும்பற கிங்பின்தான், ஷிம்மை (மெல்லிய தகடு) குறைச்சு இறுக்கணும். ஸ்டீயரிங் கம்பிகளை இணைக்கிற பெல்கிராங்க்கோட புஷ்ஷையும் பாருங்க. ஸ்டீயரிங் டாம்பர் மாட்டி ஆட்டத்தை மறைக்கிறது வேண்டாம்.

இன்னொண்ணு. ஆக்ஸில் கியர் விகிதம் 5.38, டயர் 6.00-16 அப்படின்னா 2,000 ஆர்.பி.எம்.ல டாப் கியர்ல சுமார் 50 கிலோமீட்டர்தான் வரும். டீசல் கத்துது, ஓடலைன்னு 31 இன்ச் டயர் மாட்டறாங்க. ஃபுல் லாக்ல டயர் பட்டையில உரசும், திருப்பத்தைத் தடுக்கிற ஸ்டாப் போல்ட்டைத் திருகி வெளியே நீட்டணும், திரும்பற வட்டம் பெருசாகும். ஸ்பீடோ பத்து சதவீதம் குறைச்சுக் காட்டும்.

எஃப்_போல்ட்:
காட்சிக்கு நிறுத்தறதுன்னு யார் சொன்னது? ஒரிஜினல் வெறியும் ஆபத்துதான். எம்பி பாடிக்கு அடியில தொப்பி வடிவச் சட்டத்துக்குள்ள மரக்கட்டை அடைச்சிருப்பாங்க. தண்ணியை உறிஞ்சி வச்சுத் தரையை உள்ளிருந்து தின்னும். அதை அப்படியே திரும்ப வைக்காதீங்க. பிரேக்கும் அப்படித்தான்: ஒரே சர்க்யூட், ஒரு வீல் சிலிண்டர் கசிஞ்சா நாலு சக்கரமும் போச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியா ஆயில் தள்ளற இரட்டை மாஸ்டர் சிலிண்டரை இருக்கிற ஓட்டையிலயே பிராக்கெட் வச்சு மாட்டுங்க. டிரில் வேண்டாம், வெல்டிங் வேண்டாம், கழட்டினா சுவடு இருக்காது.

ஹைபானட்_3பி:
அந்த 3பி இப்ப அப்படித்தான், இரட்டை மாஸ்டர், ரெண்டு வால்வு. டிஸ்க் எதுக்குன்னு ராசு கேட்டதுக்கு: கழட்டின முன் டிரம் ரெண்டும் பழைய இரும்புக்குப் போகலை, சாக்குல இருக்கு. திரும்ப மாட்டலாம்னா ஒண்ணு 60 தவ்சண்டுக்கு மேல தேஞ்சுபோச்சு, இனி லேத்தில் கடைய முடியாது. விரிசல் இல்லாத 9 இன்ச் டிரம் ஒண்ணு யார்கிட்டயாவது இருந்தா உள்விட்டம் அளந்து சொல்லுங்க.