மழைத் தரவுக்கு காமா மாதிரி ஓடுதில்லை

வந்தாறுமூலை, பல்கலைக்கழகம் 3ஆம் வருடம்: கணினியும் புள்ளிவிபரவியலும் படிக்கிறன். மட்டக்களப்பு நாளாந்த மழைவீழ்ச்சியில் ஆய்வு. பிறகு தரவு விஞ்ஞானத்தில் முதுமாணி செய்ய விருப்பம். ஆர் (R) நிரல்மொழியில் காமா மாதிரி (காமா பரம்பலை வைத்து மழையளவைக் கணிக்கிற புள்ளிவிபர முறை) பிழை காட்டுது. ஏன்?

சம்மாந்துறை: மழை பெய்யாத நாள்களின் பூச்சியம்தான் காரணம், தங்கச்சி. காமா நேர்ப் பெறுமானங்களை மட்டும்தான் எடுக்கும். 0.01 கூட்டிச் சமாளிக்காதீங்க, அந்த எண்ணை மாத்தினால் குணகமும் ஆடும். இரண்டாகப் பிரியுங்க: பெய்ததா இல்லையா என்பதற்கு லொஜிஸ்டிக் (ஆம்/இல்லை நிகழ்தகவைக் கணிக்கிற மாதிரி), பெய்த நாள்களின் அளவுக்கு மட்டும் காமா, லொக் இணைப்போட (சராசரியின் மடக்கையை வைத்துக் கணிக்கிறது). மாதம் வட்டமாகச் சுழலுறதால அதுக்கு சைன், கொசைன் உறுப்புகள் போடுங்க. இல்லாட்டி டிசம்பரும் ஜனவரியும் 12, 1 என்று தூரமாகிடும், நமக்கு மாரியே அப்பதானே. பதிவில்லாத நாளை 0 ஆக்கவும் கூடாது.

கல்முனை: மாதிரியைச் சோதிக்க ஒதுக்கும் தரவை எழுமாறாகப் பிரிக்காதீங்க. அடுத்தடுத்த நாள் மழை ஒன்றோடொன்று தொடர்புடையது, முடிவு பொய்யாக நல்லா வரும். கடைசி 2 வருடத்தைத் தனியே வைங்க. முதுமாணிக்கா? நேரியல் அட்சரகணிதத்தை விடாதீங்க, பைதன் நிரல்மொழியைப் பிறகும் பழகலாம்.