கற்பனை நாட்டுக்கான பயணியர் ரயில் வலையமைப்பு: எங்கிருந்து வரையத் தொடங்குவது?

கற்பனைத்தடம் கேட்டது:

ஆழிநாடு என்னும் கற்பனை நாட்டுக்குப் பயணியர் ரயில் வலையமைப்பு ஒன்றைச் சில மாதங்களாக வரைந்து வருகிறேன். மக்கள்தொகை 1.1 கோடி. தலைநகர் நெடுங்கரை (25 லட்சம் பேர்) வடக்குக் கடலோரத்தில் இருக்கிறது. துறைமுக நகரான அலையூர் (12 லட்சம்) அங்கிருந்து 380 கி.மீ. தெற்கே. இரண்டுக்கும் இடையில், தலைநகரிலிருந்து 160 கி.மீ. தொலைவில், ஆறுகள் கூடும் இடத்தில் இருநதி (5 லட்சம்). இருநதியிலிருந்து கிழக்கே 90 கி.மீ. மலையேறினால் சுரங்க நகரான முகிலடி (3 லட்சம்). இன்று நாட்டில் இருப்பது, முகிலடியின் தாதுவை இருநதி வழியாக அலையூர்த் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக அமைத்த 1067 மி.மீ. அகல (இரு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம்) ஒற்றைவழிப் பாதை மட்டுமே.

நெடுங்கரைக்கும் அலையூருக்கும் நடுவே மணிக்கு 300 கி.மீ. வேகத்துக்கான புதிய பாதையை ஏறத்தாழ நேர்கோட்டில் போட்டிருக்கிறேன். பயண நேரம் 1 மணி 40 நிமிடம். நாளொன்றுக்குத் திசைக்கு 15 ரயில்கள். நேர்கோடு கெடக்கூடாது என்பதால் இருநதிக்கான நிலையத்தை நகருக்கு 18 கி.மீ. வெளியே வயல்வெளியில் வைத்தேன். புதிய பாதைக்கு எந்த அகலத்தைத் தேர்ந்தெடுப்பது, பழைய மலைப்பாதையை என்ன செய்வது, இந்த வேகம் போதுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

நிமிடமுள் எழுதியது:

நண்பரே, உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முன்னால் வரவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இருநதி நிலையத்தின் கடிகாரத்தில் முழு மணி அடிக்கும்போது அங்கே எந்தெந்த ரயில்கள், பயணிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறி ஏறும்படி, நின்றுகொண்டிருக்க வேண்டும்? பாதையை வரைந்துவிட்டுக் கால அட்டவணையைத் தேடுவதைவிட, அட்டவணையை முதலில் எழுதிவிட்டு அதற்குத் தேவையான பாதையை மட்டும் கட்டுவதே ஒரு கோடிப் பேர் வாழும் நாட்டுக்குக் கட்டுப்படியாகும் வழி என்று உறுதியாக நம்புகிறேன்.

சுவிட்சர்லாந்து இதைத்தான் செய்தது. 1987இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டு, 2004 டிசம்பரில் முழு அளவில் நடைமுறைக்கு வந்த ரயில் 2000 திட்டத்தில், சூரிச், பெர்ன், பாசல் ஆகிய மூன்று நகரங்களுக்கு இடையிலான ஒவ்வொரு பயணமும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்தார்கள். அதற்காக மாட்ஸ்டெட்டன், ராட்ரிஸ்ட் ஊர்களுக்கு இடையே சுமார் 45 கி.மீ. நீளத்துக்கு, மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடிய புதிய பாதையைக் கட்டினார்கள். சூரிச்–பெர்ன் பயணம் 56 நிமிடமானது. அதை 45 நிமிடமாகக் குறைத்திருந்தால் மிச்சமான நேரம் முழுவதும் இணைப்பு ரயிலுக்காக நடைமேடையில் காத்திருப்பதிலேயே போயிருக்கும்.

இதை உங்கள் நாட்டில் பொருத்திப் பாருங்கள். புதிய பாதை இருநதி நகருக்குள்ளேயே வந்து போகட்டும். நெடுங்கரையிலிருந்து இருநதிக்கு 55 நிமிடம்: சராசரி 175 கி.மீ., உச்ச வேகம் 230 கி.மீ. இருந்தால் போதும். இருநதியிலிருந்து அலையூருக்கு 220 கி.மீ. தூரத்தை 85 நிமிடத்தில் கடக்க உச்ச வேகம் 200 கி.மீ. போதுமானது. நிற்கும் நேரத்தையும் சேர்த்து முழுப் பயணம் 2 மணி 25 நிமிடம். முனையிலிருந்து முனைவரை செல்பவர் 45 நிமிடத்தை இழக்கிறார் என்பது உண்மைதான். ஆனால் முகிலடிக்குச் செல்பவர், வயல்வெளியில் இறங்கிப் பேருந்து தேடி நகருக்குள் வந்து மலை ரயிலுக்காகக் காத்திருப்பதற்குப் பதிலாக, எதிர் நடைமேடைக்கு நடந்து ஐந்து நிமிடத்தில் ஏறிவிடுகிறார்.

நாளுக்கு 15 என்று நீங்கள் வைத்திருக்கும் எண்ணிக்கையை மாற்றவே வேண்டாம். காலை முதல் இரவு வரை மணிக்கொன்றாக, ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் விடுங்கள். அட்டவணையைப் பார்க்காமலே நிலையத்துக்கு வரலாம் என்னும் நம்பிக்கை மக்களுக்கு வந்துவிட்டால், அது பல கோடி செலவழித்துப் பெறும் வேகத்தைவிடப் பெரிய பேறு.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 100 கி.மீ. தூரத்தில் சராசரி வேகத்தை 200லிருந்து 300 ஆக்கினால் மிச்சமாவது 10 நிமிடம். 50லிருந்து 100 ஆக்கினால் மிச்சமாவது முழுதாக ஒரு மணி நேரம். ஆகவே பணத்தை முதலில் உங்கள் மலைப்பாதையில் போடுங்கள்.

சரளைக்கல் எழுதியது:

பாதை அகலம் பற்றி மட்டும் பேசுகிறேன். ஜப்பானின் பழைய பாதைகள் 1067 மி.மீ.; 1964இல் தொடங்கிய டோக்கியோ–ஒசாக்கா ஷின்கான்சென் அதிவேகப் பாதை 1435 மி.மீ. ஸ்பெயினின் பழைய அகலம் 1668. 1992இல் மாட்ரிட்–செவில் அதிவேகப் பாதையை 1435இல் போட்டார்கள். இரு நாடுகளுமே இரட்டை அகலத்தோடு வாழக் கற்றுக்கொண்டன. எனவே புதிய முதன்மைப் பாதைக்கு 1435ஐத் தேர்ந்தெடுங்கள். சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான விரைவு ரயில்கள் அந்த அகலத்துக்கே செய்யப்படுபவை.

மலைப்பாதையை மாற்றாதீர்கள். குறுகிய பாதை கூர்மையான வளைவுகளில் மலையோடு ஒட்டிச் செல்லும். அகலமாக்குவது என்றால் பல இடங்களில் புதிதாகவே மலையைக் குடைய நேரும். தாது ரயில்களும் துறைமுகம் வரை பழைய பாதையிலேயே இடையூறின்றிப் போகட்டும். சரக்கு ரயில்கள் ஏறாத பாதை என்றால் புதிய பாதையில் செங்குத்தான ஏற்றங்களையும் துணிந்து வைக்கலாம். பாரிஸ்–லியோன் அதிவேகப் பாதை ஆயிரத்துக்கு 35 வரையிலான ஏற்றங்களோடு கட்டப்பட்டதால்தான் அங்கே பெரிய சுரங்கங்கள் தேவைப்படவில்லை.

ஒற்றைவழியைக் கண்டு அஞ்ச வேண்டாம். மணிக்கொரு ரயில் என்ற, இரு திசைக்கும் ஒரே மாதிரியான சமச்சீர் அட்டவணையில் எதிரெதிர் ரயில்கள் ஒவ்வொரு 30 நிமிட ஓட்டத்திலும் சந்திக்கும். இருநதி–முகிலடி ஓட்டத்தை 85 நிமிடமாக வைத்தால், பயணியர் ரயில்களின் கிராசிங் (எதிர் ரயிலைக் கடக்கும் இடம்) 30ஆவது நிமிடத்திலும் 60ஆவது நிமிடத்திலும்தான் விழும். அந்த இரண்டு இடங்களில் லூப் லைன் (ஒரு ரயில் ஒதுங்கி மற்றதற்கு வழிவிடும் பக்கத் தடம்) அமையுங்கள்; தாது ரயில்களுக்காக மேலும் ஓரிரண்டு. வேறெங்கும் இரட்டைவழி தேவையில்லை.

வெளிச்சிக்னல் எழுதியது:

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் இருவருமே தலைநகரின் வாசலை மறந்துவிட்டார்கள். 160 கி.மீ. தூரத்தைப் பறந்து வந்த ரயில் அவுட்டரில் ஏழு நிமிடம் நின்றால் 55 நிமிடம் என்னும் கணக்கு முழுவதும் சரிந்துவிடும், இருநதியில் பிடிக்க வேண்டிய இணைப்புகளும் அதோடு போய்விடும். நெடுங்கரை நிலையத்தை முட்டுச்சந்தாகக் கட்டாமல், ரயில்கள் ஊடுருவிச் சென்று நகரின் மறுபுறத்தில் உள்ள பணிமனையில் திரும்பும்படி அமைத்தால் குறைந்த நடைமேடைகளிலேயே கூடுதல் ரயில்களைக் கையாளலாம். 2013 டிசம்பரில் திறக்கப்பட்ட லைப்சிக் நகரச் சுரங்கப்பாதை, பெரிய முட்டுநிலையம் ஒன்றின் அடியில் பின்னாளில் வழி திறந்த எடுத்துக்காட்டு. நீங்கள் வெற்றுத்தாளில் வரைபவர். அந்தச் செலவை இப்போதே தவிர்த்துவிடலாம். புறநகர் ரயில்களுக்கும் விரைவு ரயில்களுக்கும் கடைசி 15 கி.மீ.க்காவது தனித்தனித் தடங்கள் கட்டாயம் வேண்டும்.

கற்பனைத்தடம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. வயல்வெளி நிலையத்தை நீக்கிவிட்டேன். மனம் நேர்கோட்டில் ஊறிப்போயிருந்ததால் அழிக்கும்போது சற்று வலித்தது. மலைப்பாதையில்தான் சிக்கல்: 30ஆவது நிமிடம் நல்ல சமதளத்தில் விழுகிறது, ஆனால் 60ஆவது நிமிடம் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேலுள்ள பாலத்தில் விழுகிறது. பாலத்தைத் தாண்டி 4 கி.மீ. தட்டையான நிலம் இருக்கிறது. அங்கே லூப் வைத்தால் மேலேறும் ரயில் மூன்று நிமிடம் பிந்தியே வந்து சேரும்.

சரளைக்கல் எழுதியது:

லூப்பை அங்கேயே வையுங்கள், பாலத்தைத் தொடாதீர்கள். அடிவாரத்துக்கு அருகே ஏற்றம் குறைவாக இருக்கும் பகுதியில் சில வளைவுகளைத் தளர்த்தினால் அந்த மூன்று நிமிடத்தை மிச்சப்படுத்திவிடலாம். ரயில் 60ஆவது நிமிடத்தில் பாலத்தைக் கடந்திருக்கும். அதே மூன்று நிமிடத்தை மேல்பகுதியின் ஓட்டத்தில் தாமத ஈடாக (தாமதமானால் சரிக்கட்டும் கூடுதல் நேரமாக) சேர்த்துவிட்டால் மொத்தம் 85ஆகவே நிற்கும். அந்த 4 கி.மீ. முழுவதையும் இரட்டைவழியாக்கிவிடுங்கள், இரண்டு நிமிடம் பிந்தி வரும் ரயிலுக்காக எதிர் ரயில் சிக்னலில் நிற்க வேண்டியதில்லை, இரண்டும் ஓடிக்கொண்டே ஒன்றையொன்று கடந்துவிடும்.