டயர் பிரஷர் சென்சார்: வீட்டிலேயே மாற்றலாமா, கடைக்குத்தான் போக வேண்டுமா?

எடிசன்வாசி:
2012 டொயோட்டா கேம்ரி. வாங்கிய நாளிலிருந்து அதே சென்சார்கள். இப்போது வண்டியைக் கிளப்பினால் டயர் விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் மினுக்கிவிட்டு, அப்புறம் அணையாமல் எரிகிறது. காற்றை அளந்து பார்த்தேன், நான்கிலும் சரியாக இருக்கிறது. செட் பொத்தானை அழுத்திப் பிடித்தும் பலன் இல்லை. நியூ ஜெர்சியில் நான் விசாரித்த கடையில் நான்கு சென்சாருக்குச் சொன்ன தொகையில் இரண்டு புது டயரே போட்டுவிடலாம். ஜாக், ஸ்டாண்டு, கம்ப்ரசர் எல்லாம் வீட்டில் இருக்கின்றன. நாமே மாற்றி ப்ரோகிராம் செய்ய முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ராலே கராஜ்:
தாராளமாகச் செய்யலாம். மினுக்கிவிட்டு எரிந்தால் காற்றில் குறை இல்லை, சென்சாரிடமிருந்து தகவல் வரவில்லை என்று அர்த்தம். காற்று குறைந்தால் மினுக்காமல் நேராக எரியும். உங்கள் வண்டியின் வயதுக்கு பேட்டரிதான் முடிந்திருக்கும். அதன் ஆயுள் ஐந்திலிருந்து பத்து வருடம். பிசின் ஊற்றி மூடியிருப்பதால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது. ஒன்று போனால் மற்றவையும் அடுத்தடுத்துப் போகும், நான்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

சென்சார் டயருக்குள் வால்வோடு சேர்ந்து இருப்பதால், எல்லோரும் பயப்படுவது டயரைக் கழற்றத்தான். முழுசாகக் கழற்றவே வேண்டாம். வால்வின் உள் ஊசியை எடுத்துக் காற்றை முழுக்க இறக்குங்கள். ரிம்மிலும் டயரிலும் ஒரே நேராக சாக்பீஸ் கோடு போடுங்கள், பேலன்ஸ் அதிகம் மாறாது. டயரின் வெளிப்பக்க விளிம்பை மட்டும் ரிம்மிலிருந்து இறக்கினால் போதும். பக்கச்சுவரை அமுக்கி ஒரு மரத்துண்டைச் செருகினால் கை உள்ளே போகும். வெளியே நட்டைக் கழற்றினால் சென்சார் கையோடு வரும். விளிம்பை இறக்க, சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைத்து, பக்கச்சுவர் மேல் ஜாக்கை நிறுத்தி, வண்டியின் எடையாலேயே அமுக்கலாம். என் வண்டிக்கு அப்படித்தான் செய்தேன்.

ஸ்காபரோ ரயர்கடை:
அண்ணை, கோபிக்க வேண்டாம், இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. நான் ரொறன்ரோவில் ரயர் கடையில் வேலை செய்கிறவன். வீட்டில் கழற்றப் போய் அரைகுறையில் எங்களிடம் வருகிற சில்லுகளை (சக்கரங்களை) ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் பார்க்கிறேன்.

முதலாவது, விளிம்பை வால்வுக்குப் பக்கத்தில் அமுக்கினால் உள்ளே இருக்கும் சென்சர் நொறுங்கும். வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும், அதை நீங்கள் சொல்லவே இல்லை. இரண்டாவது, இங்கே வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். அலுமினிய வால்வில் யாராவது சாதாரணப் பித்தளை ஊசியைப் போட்டிருந்தால் இரண்டும் அரித்து ஒன்றாகப் பிடித்துவிடும். திருகினால் ஊசி வராது, வால்வு முறியும். நிக்கல் பூசிய ஊசிதான் போட வேண்டும், மூடியும் பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய பயம். விளிம்பு திரும்ப ஏறாவிட்டால் கனபேர் காற்றைக் கூட்டிக்கொண்டே போவார்கள். விளிம்பு உட்கார 40 பிஎஸ்ஐக்கு மேல் ஒருபோதும் போகக்கூடாது. விளிம்புக் கம்பி அறுந்தால் ரயர் குண்டு மாதிரி வெடிக்கும். குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கை, முகம் எதுவும் மிஞ்சாது. ஈதர் அடித்து நெருப்பு வைத்து விளிம்பை ஏற்றுகிற வீடியோக்களைப் பார்த்து யாரும் கிளம்பிவிடாதீர்கள். காசு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

ராலே கராஜ்:
40 பிஎஸ்ஐ எல்லையையும் வால்வுக்கு எதிர்ப்பக்கம் என்பதையும் ஏற்கிறேன், நல்ல சேர்க்கை. ஆனால் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, நீளக் குழாயோடு கிளிப் மாட்டித் தள்ளி நின்று காற்றடித்தால், நல்ல நிலையில் இருக்கும் கார் டயர் அந்த அளவுக்குள்ளேயே டப் டப் என்று உட்காரும். சென்சார் நட்டுக்கு மட்டும், சிறிய விசையை அளந்து முறுக்கும் இன்ச்-பவுண்ட் ரென்ச் வேண்டும். வீல் நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய ரென்ச்சால் முறுக்கினால் வால்வு காலி.

டெட்ராய்ட் வயரிங்:
நீங்கள் இருவரும் டயரைப் பிடித்துக்கொண்டே சண்டை போடுகிறீர்கள். டயரைத் திறப்பது ஒரு வேலை, சென்சாரை வண்டிக்கு அறிமுகப்படுத்துவது இன்னொரு வேலை. முதல் வேலையில் ஆபத்து இருக்கிறது, இரண்டாவதில் துளியும் இல்லை. அந்த இரண்டாவது வேலைக்கு ஏன் கடைக்குக் காசு கொடுக்க வேண்டும்?

எடிசன்வாசி சார், செட் பொத்தான் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேம்ரியில் அது புதுச் சென்சாரைக் கற்றுக்கொள்வதற்கு இல்லை. 'இப்போது இருக்கும் காற்றுதான் சரியான அளவு' என்று வண்டிக்குச் சொல்வதற்கு மட்டும். நாள் முழுக்க அழுத்தினாலும் புதுச் சென்சாரை அது ஏற்காது.

ஒவ்வொரு சென்சாருக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த ஓர் அடையாளக் குறி உண்டு. வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் நான்கு குறிகள் பதிந்திருக்கும், அவற்றை மட்டுமே அது காதில் வாங்கும். இங்கே இரண்டு வழி. கம்பெனிச் சென்சார் வாங்கினால் அதன் குறியை மாற்ற முடியாது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும், வண்டியின் கோளாறுகளைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் சென்சார் ப்ரோகிராம் செய்யும் கருவியைச் செருகிப் புதுக் குறிகளை வண்டியில் எழுத வேண்டும். ப்ரோகிராம் செய்யக்கூடிய வெற்றுச் சென்சார் வாங்கினால், பழைய குறியையே அதில் எழுதிவிடலாம். வண்டிக்கு ஆள் மாறியதே தெரியாது, ஓபிடி பக்கமே போக வேண்டாம். பேட்டரி செத்த சென்சாரைக் கருவியால் வெளியிலிருந்து படிக்க முடியாதே என்று கேட்பீர்கள். குறியை அதன் உடம்பிலேயே அச்சடித்திருப்பார்கள். டயர் திறந்திருக்கும்போது ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும்.

வாங்கும்போது அலைவரிசை முக்கியம். உங்கள் வண்டிக்கு 315 மெகாஹெர்ட்ஸ். ஊருக்குப் போகும்போது சென்னையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வராதீர்கள், இந்திய வண்டிகளில் 433. இன்னொன்று, டொயோட்டா மாதிரியே எல்லா வண்டியும் இருக்காது. ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகள் பலவற்றில் கற்கும் நிலைக்குக் கொண்டுபோனால் ஹாரன் இரண்டு முறை அடிக்கும். முன் இடதில் தொடங்கி, முன் வலது, பின் வலது, பின் இடது என்று சிறு கருவியால் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹாரன் சத்தம் வரும். ஹோண்டாவில் பல வண்டிகளுக்கு உள்ளே சென்சாரே கிடையாது, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வழியாகச் சக்கர வேகத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். அது தெரியாமல் சென்சார் வாங்கிவிட்டு நிற்பவர்களும் உண்டு.

பாண்டிப்பெண்:
ஏன் இவ்வளவு செலவும் சிரமமும்? விளக்கு எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும். நான் மாதம் ஒரு முறை, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வைத்து அளக்கிறேன். அந்த விளக்கு எப்போது எரியும் தெரியுமா? கதவோரம் ஒட்டியிருக்கும் அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால்தான் எரிந்தாக வேண்டும் என்பது விதி. 35 பிஎஸ்ஐ போட வேண்டிய டயர் 26க்கு இறங்கும் வரை அது வாயைத் திறக்காமல் இருக்கலாம். அதற்குள் டயர் ஓரம் தேய்ந்து, பெட்ரோலும் வீணாகியிருக்கும். சென்சாரை நம்பிக் கேஜைத் தொடாமல் இருப்பவர்கள்தான் ஆபத்தில் இருக்கிறார்கள்.

டெட்ராய்ட் வயரிங்:
கேஜ் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை சகோதரி. ஆனால் கேஜ் நிற்கிற வண்டிக்குத்தான். நெடுஞ்சாலையில் ஆணி ஏறிக் காற்று மெல்ல இறங்கும்போது அளப்பது யார்? இந்தச் சட்டமே அப்படித்தான் வந்தது. 2000-ல் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் டயர் பிய்ந்து உருண்டு, பலர் இறந்து, ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயரைத் திரும்பப் பெற்றது. டயரில் கோளாறு இருந்தது உண்மை. காற்றுக் குறைவாக ஓட்டியதால் சூடேறி அது இன்னும் மோசமானது. அதே வருடம் சட்டம் வந்தது. 2007 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் இந்த எச்சரிக்கை கட்டாயம்.

பாண்டிப்பெண்:
மெல்ல இறங்கினால் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் 2012 வண்டிக்கு, இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓட்டப்போகிறவருக்கு, அந்தப் பணத்தில் நல்ல டயர் போடுவதைத்தான் சொல்வேன்.

ஸ்காபரோ ரயர்கடை:
டயர் போடும்போதே சென்சரையும் மாற்றுங்கள் அக்கா, அதுதான் நான் சொல்ல வந்தது. ரயர் எப்படியும் ரிம்மிலிருந்து இறங்கும், சென்சருக்கென்று தனிக்கூலி பெரிதாக வராது. விளக்கை மட்டும் ஏமாற்றுகிற வேலை வேண்டாம். குளிர்கால சில்லுக்கு மாறும்போது நான்கு சென்சரையும் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு, இரு பக்கமும் அடைத்து, காற்றடித்து டிக்கியில் வைத்திருந்த ஒருவரின் காரைப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. முன் ரயரோ பாதிக் காற்றில் நின்றது. பிறகு அந்தக் காரை வாங்குகிறவருக்கு இது எப்படித் தெரியும்?

எடிசன்வாசி:
எல்லோருக்கும் நன்றி. முன் டயர் இரண்டும் இந்தக் குளிருக்குத் தாங்காது, அதனால் டயரைக் கடையில் திறக்கிறேன். ஒரு சந்தேகம். விளக்கு ஏற்கெனவே எரிகிறதே, அமெரிக்கக் கடைக்காரர் வண்டியைத் தொட மாட்டார் என்கிறார்களே?

டெட்ராய்ட் வயரிங்:
தொடுவார். வேலை செய்கிற எச்சரிக்கை அமைப்பை வேண்டுமென்றே செயலிழக்க வைப்பதுதான் கடைகளுக்குத் தடை. வரும்போதே செத்திருந்தால் டயர் மாட்டுவதில் பிரச்சினை இல்லை. உள்ளே போகும்போதே விளக்கைக் காட்டி ரசீதில் எழுத வையுங்கள். வெற்றுச் சென்சார் நான்கையும் கையில் கொண்டுபோங்கள், ஆனால் பழையவற்றின் குறியைப் புதியதில் எழுதும் வரை டயரை மூட விடாதீர்கள். சென்சாரைக் கருவிக்குப் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு நிமிட வேலைதான்.

ராலே கராஜ்:
நான் இன்னும் வீட்டில்தான் செய்வேன். கடையில் உங்களைக் கருவியோடு உள்ளே விட மாட்டார்கள் என்றால், முன்கூட்டியே ஓபிடியில் கருவியைச் செருகி, வண்டியில் பதிந்திருக்கும் நான்கு குறிகளையும் படித்து, புதுச் சென்சார்களில் எழுதி, எடுத்துக்கொண்டு போங்கள். படம் எடுக்கக்கூட வேண்டாம்.

ஸ்காபரோ ரயர்கடை:
அது நல்ல வழி. அப்படியே வால்வு ஊசி, வாஷர், நட் எல்லாம் புதிதாக அந்தப் பெட்டியிலேயே இருக்கிறதா என்று ஒருக்கா பார்த்துக்கொள்ளுங்கள். பழையதைத் திரும்பப் போட விடாதீர்கள்.