இரட்டை உட்கரு வேண்டாம், இணையுட்கரு என்போம்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

காளான் இழையில் ஒரே செல்லுக்குள் இரண்டு உட்கருக்கள் (நியூக்ளியஸ்) சேர்ந்திருக்கும் நிலையை ஆங்கிலத்தில் டைகேரியான் என்கிறார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன 'இரட்டை உட்கரு' எளிமையான சொல்தான். ஆனால் ஒரே செல்லால் ஆன நுண்ணுயிரான பாரமீசியத்துக்கும் அதையே வைக்கலாம் என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

போன மார்கழியில் மேடவாக்கம் வீட்டு பால்கனியில் சிப்பிக் காளான் பை கட்டினேன். மீந்த வைக்கோலை வேகவைத்து, ஆறிய தண்ணீரில் சேத்துப்பட்டு ஏரி நீர் ஒரு டம்ளர் கலந்து வைத்தேன். சில நாளில் பாட்டில் விளிம்போரம் வெள்ளைப் பொடிபோல ஏதோ நகர்ந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் பாரமீசியம். மெதில் பச்சைச் சாயம் ஒரு சொட்டு விட்டதும் அவரை விதைபோல ஒரு பெரிய உட்கரு தெரிந்தது. அதன் குழிவில் ஒண்டிக்கொண்டு ஒரு சின்னப் புள்ளி. பெரியது அன்றாட வேலைக்கு. சின்னது மரபைக் காத்துக் கைமாற்றுவதற்கு. இரண்டு பாரமீசியங்கள் கூடும்போது பழைய பெரியது சிதைந்துவிடும், சின்னதன் வழியில்தான் புதுசு உருவாகும். பேரூர், சிற்றூர் மாதிரி இவற்றைப் பேருட்கரு, சிற்றுட்கரு என்றால் போதும்.

காளானில் அப்படியில்லை. அதன் இழையில் செல்லுக்கு இரண்டு உட்கருக்கள், இரண்டும் ஒரே மாதிரி, வேறுவேறு பெற்றோர் வழி வந்தவை. சேர்ந்தே வாழும், கலக்காது. செல் பிரியும்போது இழையின் பக்கவாட்டில் ஒரு கொக்கி முளைத்து வளைந்து, இரு புதுச் செல்களுக்கும் வகைக்கொன்று போய்ச் சேரும்படி செய்கிறது. கடைசியில், குடைக்கு அடியிலுள்ள செவுளில் வித்து உண்டாகும் நேரத்தில்தான் இரண்டும் ஒன்றாகின்றன. ஓர் இணை மாடு என்கிறோமே, அந்த இணை இது. ஆகவே இணையுட்கரு.

ஈழத்து வழக்கில் உள்ளபடி 'கரு' என்றே சுருக்கலாம் என்று அக்கா எழுதியிருந்தார். அங்கே எம்பிரியோவுக்கு 'முளையம்' இருப்பதால் குழப்பமில்லை. இங்கே சென்னையில் 'இரட்டைக் கரு' என்றால் ஸ்கேனில் தெரிந்த இரட்டைக் குழந்தைதான் எவருக்கும் நினைவுக்கு வரும். 'உட்' இருக்கட்டும்.

அப்புறம், இரண்டு இழைகள் சேர்வதற்கு முந்தைய நிலையைத் தனியுட்கரு என்று வைத்தால் இணையுட்கருவோடு பொருந்தி வருகிறது. அந்தக் கொக்கிக்கு 'கொக்கிப்பாலம்' என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.