புதுப்பிப்பு: தெரிவு வரிசை பற்றிக் கேட்டிருந்தேன், தங்கைக்கு மிருக வைத்தியம் கிடைத்துவிட்டது

இலங்கையில் உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் எழுதிய என் தங்கையின் இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கப்படும் தரப்படுத்திய புள்ளி) மருத்துவத்துக்குப் போதுமா என்ற அச்சத்தில், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எந்தப் பாடநெறியை முதலில் எழுதுவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளியில், அதாவது அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளியில், மருத்துவம் சிறு வித்தியாசத்தில் கைநழுவியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம் கிடைத்திருக்கிறது.

உதவியது காத்தான்குடி அண்ணன் ஒருவர் சொன்ன வழி: "புள்ளியைக் கணக்குப் பார்த்து எழுதாதீர்கள், விருப்பத்தின்படி எழுதுங்கள்." வரிசையில் மேலே இருப்பவற்றில் புள்ளி எட்டும் முதல் பாடநெறியே தரப்படும், எட்டாத ஒன்றை மேலே எழுதுவதால் இழப்பில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை விரித்து, தங்கை பென்சிலால் மூன்று முறை எழுதி அழித்தாள். தாள் கிழியும் நிலைக்கு வந்துவிட்டது. கடைசியில் மருத்துவ பீடங்கள் எல்லாவற்றுக்கும் கீழே மிருக வைத்தியத்தை எழுதினாள்.

எதிர்பாராதது, அதற்கும் இருந்த நெருக்கடி. நாடு முழுவதற்கும் அந்தப் பட்டம் பேராதனையில் மட்டுமே. இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கும் (நாடு முழுவதற்குமான புள்ளி வரிசைப்படி) 55 சதவீதம் மாவட்டங்களுக்கும் போகின்றன. ஒரு மாவட்டத்துக்கு விரல்விட்டு எண்ணும் இடங்களே வருகின்றன. "மருத்துவம் இல்லையென்றால் இது நிச்சயம்" என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம்.

அம்மாவுக்கு இன்னும் சிறு வருத்தம். தங்கையோ நேற்று மாலை பக்கத்து வீட்டுக் கன்றின் காதைத் தூக்கி உண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள்.